முழுக்களின் கூட்டலில் ஒரு கம்பியில்லா இணைப்பு

ஆறாம் வகுப்பில் முழுக்களை அறிமுகம் செய்கிறோம். ஏழாம் வகுப்பில் அவற்றின் நான்கு செயல்களையும் கற்பிக்கிறோம். எடுத்துக்காட்டு என்று வரும்போது கடன், இலாபம், வெப்பநிலை, கடல் மட்டத்துக்குக் கீழே ஆழம் ஆகிய நான்கைத் தாண்டி நாம் பெரும்பாலும் செல்வதில்லை. குறை எண்ணைக் கூட்டிக் கழித்து ஒரு முடிவெடுக்கும் வேலை உண்மையில் எங்கே இருக்கிறது என்று ஒரு மாணவர் கேட்டால், பள்ளியின் மொட்டை மாடியைக் காட்டலாம். அங்கே வைக்கப்படும் வைஃபை ஆன்டெனாவின் கணக்கு முழுவதும் முழுக்களின் கூட்டலும் கழித்தலும்தான்.

இந்தக் கணக்கு நமக்கும் தேவைப்படுகிறது. உயர் தொழில்நுட்ப ஆய்வகமும் திறன் வகுப்பறையும் வந்த பிறகு, ஒரு கட்டடத்துக்கு வரும் இணையத்தை வளாகத்தின் மறுகோடிக்கோ அருகிலுள்ள மற்றொரு பள்ளிக்கோ கொண்டு செல்ல வேண்டிய நிலை பல இடங்களில் இருக்கிறது. சமிக்ஞை போதவில்லை என்றால் முதலில் கிடைக்கும் அறிவுரை, "இன்னும் பவர் கூடிய பெட்டி வாங்குங்கள்" என்பது. அது பெரும்பாலும் வீண் செலவு. சில வேளைகளில் விதி மீறலாகவும் முடியும். எங்கே இழப்பு, எங்கே ஈட்டம் என்று கூட்டிப் பார்த்தால் விடை வேறாக இருக்கும். அந்தக் கூட்டலை வகுப்பில் எப்படிக் கற்பிக்கலாம் என்பதே இக்கட்டுரை. முதல் பகுதிகள் ஏழாம், எட்டாம் வகுப்புக்குப் பொருந்தும். மடக்கையும் அலைகளும் வரும் இடங்களை மேல்நிலை வகுப்பு ஆசிரியர்கள் எடுத்துக்கொள்ளலாம்.

கற்றல் விளைவுகள்

இப்பாடத்தின் முடிவில் மாணவர், பெருக்கலைக் கூட்டலாக மாற்றும் அளவாக டெசிபலைப் புரிந்துகொள்வார். அனுப்பியின் திறன், கம்பியின் இழப்பு, ஆன்டெனாவின் ஈட்டம் ஆகிய மூன்றிலிருந்து வெளியேறும் கதிர்வீச்சுத் திறனைக் கணக்கிடுவார். அது சட்ட வரம்புக்குள் இருக்கிறதா என்று சொல்வார். ஆன்டெனா ஆற்றலை உண்டாக்குவதில்லை, திருப்பிவிடுகிறது என்பதை ஆற்றல் அழிவின்மை விதியோடு பொருத்தி விளக்குவார்.

மூன்று கண்ணிகள்

ஒரு வைஃபை இணைப்பின் அனுப்பும் முனையில் மூன்று கண்ணிகள் உண்டு. முதலாவது அனுப்பி. மின்திறனை ரேடியோ அலையாக்கித் தருவது இது. இரண்டாவது, அனுப்பியையும் ஆன்டெனாவையும் இணைக்கும் கம்பி. மூன்றாவது ஆன்டெனா.

கம்பியில் நடப்பதை இலத்தூர்ப் பகுதி மாணவருக்கு விளக்கக் குளமும் வாய்க்காலும் போதும். மடையைத் திறந்துவிட்டால் முழு நீரும் கடைமடைக்குப் போய்ச் சேர்வதில்லை. வழியில் ஒவ்வொரு பகுதியிலும் கசிந்தது போக மிச்சமே போகிறது. கவனிக்க வேண்டியது, கசிவு ஒவ்வொரு பகுதியிலும் வரும் நீரில் ஒரு பங்கு என்பதே. முதல் பகுதியில் பாதி போனால் மிச்சம் பாதி. அடுத்ததிலும் பாதி போனால் கால். அதற்கடுத்து அரைக்கால். ரேடியோ அலையும் கம்பியில் இப்படித்தான் ஒவ்வொரு மீட்டருக்கும் ஒரு பங்கை வெப்பமாக இழந்துகொண்டே செல்கிறது.

ஆன்டெனாவுக்குக் கோயில் கொடையில் கட்டும் குழாய் ஒலிபெருக்கி நல்ல உவமை. ஒருவர் வெறும் வாயால் கத்தினால் ஒலி எல்லாப் பக்கமும் சிதறும். அதே குரலைக் குழாய் வழியே விட்டால் குழாய் நோக்கும் திசையில் வெகுதூரம் கேட்கும், பின்புறம் குறைவாகக் கேட்கும். குழாய் கூடுதல் ஒலியை உண்டாக்கவில்லை. நாலாபுறமும் போக இருந்ததை ஒரு பக்கம் திருப்பியது. ஒரு திசையில் எத்தனை மடங்கு கூடியது என்பதே ஆன்டெனாவின் ஈட்டம். கடையில் இதைக் "கெயின்" என்பார்கள்.

ஆக, ஒரு கண்ணி குறைக்கிறது, ஒரு கண்ணி கூட்டுகிறது. இரண்டும் மடங்குகளாகவே வேலை செய்கின்றன. மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போவது கடினம். அந்தக் கடினத்தை நீக்கவே டெசிபல் வந்தது.

டெசிபல்: பெருக்கலைக் கூட்டலாக்கும் அளவு

டெசிபல் என்ற சொல்லை மாணவர்கள் ஒலி பற்றிய பாடத்தில் கேட்டிருப்பார்கள். அது ஒலிக்கு மட்டும் உரியதன்று. 1920களில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடப் பொறியாளர்கள் நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பியின் இழப்பை அளக்கவே இந்த அலகை உருவாக்கினார்கள். அலெக்சாண்டர் கிரகாம் பெல்லின் பெயரிலிருந்து "பெல்" வந்தது. அதில் பத்தில் ஒரு பங்கு டெசிபல். கம்பி இழப்பைக் கணக்கிடப் பிறந்த அலகைத்தான் நாமும் கம்பி இழப்புக்குப் பயன்படுத்தப் போகிறோம்.

கீழ் வகுப்புகளுக்கு இரண்டு விதிகள் போதும்:

3 டெசிபல் கூடினால் திறன் இரண்டு மடங்கு. 3 குறைந்தால் பாதி.
10 டெசிபல் கூடினால் திறன் பத்து மடங்கு. 10 குறைந்தால் பத்தில் ஒன்று.

மற்றவை இவ்விரண்டின் சேர்க்கைகளே. 6 என்பது 3 + 3, ஆகவே நான்கு மடங்கு. 7 என்பது 10 − 3, ஆகவே பத்தில் பாதி, அதாவது ஐந்து மடங்கு. 4 என்பது 10 − 3 − 3, ஆகவே இரண்டரை மடங்கு. 1 என்பது 10 − 9, ஆகவே ஒன்றேகால் மடங்கு. மாணவர்களை இரண்டு அணிகளாகப் பிரித்து, ஓர் அணி 1 முதல் 20 வரை ஒரு டெசிபல் எண்ணைச் சொல்ல, மற்ற அணி 3, 10 ஆகியவற்றை மட்டும் கொண்டு மடங்கைக் கண்டுபிடிக்கும் விளையாட்டாக இதை நடத்தலாம். ஒரு பாடவேளை போவதே தெரியாது.

மேல்நிலை மாணவர்க்கு, டெசிபல் = 10 × மடக்கை (திறன்களின் விகிதம்) என்ற வாய்பாட்டைத் தரலாம். 2இன் மடக்கை 0.3010 என்பதால்தான் இரண்டு மடங்குக்கு 3 வருகிறது. பெருக்கலின் மடக்கை மடக்கைகளின் கூட்டல் என்ற விதிக்கு இதைவிடப் பயனுள்ள சான்று பாடநூலுக்கு வெளியே எளிதில் கிடைக்காது.

டெசிபல் மடங்கை மட்டுமே சொல்லும். எதைப் போல மடங்கு என்று சொல்ல ஓர் ஆதாரம் வேண்டும். ரேடியோத் துறையில் அந்த ஆதாரம் 1 மில்லிவாட். அதனோடு ஒப்பிட்டுச் சொல்லும் திறனை டி.பி.எம். என்கிறார்கள்.

1 மில்லிவாட் = 0 டி.பி.எம்.
10 மில்லிவாட் = 10 டி.பி.எம்.
100 மில்லிவாட் = 20 டி.பி.எம்.
1 வாட் = 30 டி.பி.எம்.
4 வாட் = 36 டி.பி.எம்.

கடைசி வரியை மாணவரே கண்டுபிடிக்கட்டும்: 1 வாட்டின் இரு மடங்கு 33, அதன் இரு மடங்கு 36.

ஆன்டெனாவின் ஈட்டத்துக்கும் ஓர் ஆதாரம் உண்டு. எல்லாத் திசையிலும் சமமாக அலை வீசும் ஓர் ஆன்டெனாவைக் கற்பனை செய்து, அதனோடு ஒப்பிடுகிறார்கள். அந்த ஒப்பீட்டு அலகு டி.பி.ஐ. வீட்டு ரூட்டரில் நிற்கும் சிறு கம்பு ஆன்டெனாவுக்கு ஏறத்தாழ 2 முதல் 5 டி.பி.ஐ. இருக்கும். ஒரு திசை நோக்கிய தட்டை ஆன்டெனாவுக்கு 15 அளவில் இருக்கும். கம்பிவலைக் கிண்ண வடிவ ஆன்டெனாவுக்கு 24 வரை இருக்கும்.

இப்போது கணக்கு ஒரே வரியில் அடங்கிவிடும்:

வெளியேறும் திறன் = அனுப்பியின் திறன் − கம்பி, இணைப்பிகளின் இழப்பு + ஆன்டெனாவின் ஈட்டம்

இவ்வாறு கிடைக்கும் திறனுக்குச் சமதிசைச் சமான கதிர்வீச்சுத் திறன் என்று பெயர். பொறியாளர்கள் சுருக்கமாக ஈ.ஐ.ஆர்.பி. என்பார்கள். ஆன்டெனா நோக்கும் திசையில் நிற்பவருக்கு, எத்தனை வாட் வீசும் ஒரு சமதிசை ஆன்டெனா இருப்பதுபோல் தோன்றுகிறது என்பதே இதன் பொருள்.

இலத்தூர்க் கணக்கு

தென்காசிக்கு அருகில் உள்ள இலத்தூரை எடுத்துக்கொள்வோம். மேற்கே மலைத்தொடர், ஊரையொட்டிப் பெரிய குளம், சுற்றிலும் வயலும் தென்னந்தோப்பும். குளத்தின் இக்கரையில் ஒரு பள்ளி, அக்கரையில் 2 கிலோமீட்டர் தொலைவில் இன்னொரு பள்ளி என்று பயிற்சிக்காக வைத்துக்கொள்வோம். இக்கரைப் பள்ளிக்கு வரும் இணையத்தை அக்கரைக்கு அனுப்ப வேண்டும். அனுப்பியின் திறன் 100 மில்லிவாட், அதாவது 20 டி.பி.எம். ஆன்டெனா 15 டி.பி.ஐ. அனுப்பி கீழே அறையில் இருக்கிறது. ஆன்டெனா மாடியில். இடையே 10 மீட்டர் கம்பி.

முதல் ஏற்பாடு. எளிதாகக் கிடைக்கும் மெல்லிய ஆர்.ஜி-58 கம்பி. வைஃபை இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இது மீட்டருக்கு ஏறத்தாழ 1 டெசிபல் இழக்கும். 10 மீட்டருக்கு 10. இரு முனை இணைப்பிகளுக்கும் சேர்த்து 1.
20 − 10 − 1 + 15 = 24 டி.பி.எம். (250 மில்லிவாட்)

ஆன்டெனாவைச் சேரும் திறனைத் தனியே பார்க்கச் சொல்லுங்கள். 20 − 11 = 9 டி.பி.எம். அது 8 மில்லிவாட். 100 மில்லிவாட்டில் 92 கம்பியைச் சூடாக்கவே போய்விட்டது.

இரண்டாம் ஏற்பாடு. எல்.எம்.ஆர்-400 வகைத் தடித்த கம்பி. அதே 10 மீட்டரில் ஏறத்தாழ 2 டெசிபல்தான் இழக்கும்.
20 − 2 − 1 + 15 = 32 டி.பி.எம். (1.6 வாட்)

மூன்றாம் ஏற்பாடு. அனுப்பியையே மாடிக்கு ஏற்றி, ஆன்டெனாவின் பின்னால் பொருத்திவிடலாம். கீழிருந்து மேலே செல்வது கணினி வலையமைப்புக் கம்பி மட்டும். மின்சாரமும் அதன் வழியே போகும். ரேடியோ அலை போகும் கம்பி ஒரு சாண்தான். இழப்பு 1 டெசிபல்.
20 − 1 + 15 = 34 டி.பி.எம். (2.5 வாட்)

மூன்றிலும் அனுப்பி ஒன்றே, ஆன்டெனா ஒன்றே. வெளியேறும் திறன் மட்டும் பத்து மடங்கு வேறுபடுகிறது. "பவர் கூடிய பெட்டி" வாங்காமலேயே கிடைத்த பத்து மடங்கு இது.

சட்டத்தின் வரம்பு

இனி ஒரு மாணவர் கேட்பார்: "24 டி.பி.ஐ. ஆன்டெனாவை மாட்டினால் இன்னும் நன்றாக இருக்குமே?" கணக்கிடச் சொல்லுங்கள்.
20 − 1 + 24 = 43 டி.பி.எம்.
43 என்பது 40 + 3. 10 வாட்டின் இரு மடங்கு, 20 வாட்.

இந்தியாவில் ரேடியோ அலைவரிசையைப் பயன்படுத்த மத்திய அரசின் உரிமம் வேண்டும். 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டைக்கு 2005 ஜனவரியில் வெளியான விதிகள் விலக்கு அளித்தன. நம் வீட்டு வைஃபை உரிமமின்றி இயங்குவது இதனால்தான். விலக்குக்கு நிபந்தனைகள் உண்டு. அனுப்பியின் திறன் 1 வாட்டையும், ஈ.ஐ.ஆர்.பி. 4 வாட்டையும் தாண்டக் கூடாது. ஆன்டெனா, அனுமதி பெற்ற கட்டடத்தின் கூரைக்கு மேல் 5 மீட்டர் உயரத்துக்குள் இருக்க வேண்டும். 4 வாட் என்பது 36 டி.பி.எம். மேலே சொன்ன 43 அதைவிட 7 டெசிபல் அதிகம், அதாவது ஐந்து மடங்கு.

இந்த வரம்பு எதற்கு என்பதையும் பேச வேண்டும். இந்தப் பட்டை எவருக்கும் சொந்தமில்லாத பொதுவெளி. பக்கத்துப் பள்ளியின் வைஃபை, எதிர்வீட்டின் ரூட்டர், செல்பேசியின் புளூடூத் எல்லாம் இதில்தான் இயங்குகின்றன. ஒருவர் ஐந்து மடங்கு சத்தம் போட்டால் அந்தத் திசையில் உள்ளவர் பேச்சு எடுபடாது. ஒலிபெருக்கிக்கு அளவு வைப்பது போன்றதே இதுவும்.

அப்படியானால் பெரிய ஆன்டெனாவைப் பயன்படுத்தவே முடியாதா? முடியும். வாய்பாட்டைத் திருப்பிப் போட வேண்டும்.
அனுப்பியின் திறன் = 36 + 1 − 24 = 13 டி.பி.எம். (20 மில்லிவாட்)
அனுப்பியின் அமைப்புப் பக்கத்தில் 20 என்று இருப்பதை 13 ஆகக் குறைத்தால் போதும். தெரியாத ஓர் உறுப்பைக் கண்டறியும் எளிய சமன்பாட்டுக்கு இது நேரடிப் பயன்பாடு.

எதிர்முனையில் என்ன கிடைக்கிறது?

திறனைக் குறைத்துவிட்டால் பெரிய ஆன்டெனா வாங்கிப் பயன் என்ன என்ற ஐயம் எழும். விடை அக்கரையில் இருக்கிறது.

வெட்டவெளியில் அலை பரவும்போது தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் செறிவு குறைகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸில், 1 கிலோமீட்டர் தொலைவுக்குப் பாதை இழப்பு ஏறத்தாழ 100 டெசிபல். தொலைவு இரட்டித்தால் செறிவு கால்பங்காகும், ஆகவே இழப்பில் 6 கூடும். தொலைவு பத்து மடங்கானால் 20 கூடும். நம் 2 கிலோமீட்டருக்கு 106. மேல்நிலை மாணவர், இழப்பு = 32.4 + 20 × மடக்கை (கிலோமீட்டர்) + 20 × மடக்கை (மெகாஹெர்ட்ஸ்) என்ற வாய்பாட்டில் இட்டுச் சரிபார்க்கலாம்.

ஆன்டெனா ஒரு திசைக்கு அலையைக் குவிப்பதுபோலவே அத்திசையிலிருந்து வருவதையும் கூடுதலாக வாங்கும். ஆகவே எதிர்முனை ஆன்டெனாவின் ஈட்டத்தைக் கூட்டி, அங்குள்ள கம்பியின் இழப்பைக் கழிக்க வேண்டும். இரு முனையிலும் ஒரே ஏற்பாடு எனக் கொள்வோம்.

மெல்லிய கம்பி: 24 − 106 + 15 − 11 = −78 டி.பி.எம்.
மாடியிலேயே அனுப்பி: 34 − 106 + 15 − 1 = −58 டி.பி.எம்.
பெரிய ஆன்டெனா, குறைத்த திறன்: 36 − 106 + 24 − 1 = −47 டி.பி.எம்.

மோசமான கம்பி போகும்போது ஒருமுறை, வாங்கும்போது ஒருமுறை என இருமுறை தண்டிக்கிறது. முதல் இரண்டுக்கும் இடையே 20 டெசிபல், நூறு மடங்கு. மூன்றாவதில் அனுப்பியின் திறன் ஐந்தில் ஒன்றாகக் குறைந்தும், சேரும் திறன் 11 டெசிபல், அதாவது பன்னிரண்டு மடங்குக்கு மேல் கூடியிருக்கிறது. அதுவும் விதிக்குள்.

வைஃபை வாங்கிகள் −90 டி.பி.எம். அளவு வரை மெதுவான வேகத்தில் சமாளிக்கும். நல்ல வேகத்துக்கு −70 அல்லது அதற்கு மேல் வேண்டும். −78 கிடைக்கும் பள்ளியில் பாடக் காணொலி நின்று நின்று ஓடும். −58 கிடைத்தால் 12 டெசிபல் கையிருப்பு இருக்கும். இடையில் ஒரு கிளை வளர்ந்தாலும் இணைப்பு தாங்கும்.

தேனியில் நடந்தது

தேனியில் உள்ள அரவிந்த் கண் மருத்துவமனை, சுற்றுவட்டார ஊர்களில் தான் நடத்தும் பார்வை மையங்களை நீண்ட தூர வைஃபை மூலம் இணைத்தது. அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகம், பெர்க்லியைச் சேர்ந்த ஆய்வுக் குழு இதில் உடன் பணியாற்றி, 2007லும் 2008லும் ஆய்வுக் கட்டுரைகளாக வெளியிட்டது. மையத்துக்கு வரும் நோயாளி, தேனியில் இருக்கும் மருத்துவருடன் காணொலியில் பேசினார். ஊரிலிருந்து பேருந்தேறி மருத்துவமனைக்குப் போகும் ஒரு நாள் கூலி இழப்பு மிச்சமானது. இணைப்புகளில் சில 10 கிலோமீட்டருக்கு மேல் நீண்டன. பயன்பட்டது நாம் அறிந்த வைஃபைதான். திசை நோக்கிய ஆன்டெனாக்களையும், நெடுந்தூரத்துக்கு ஏற்ப மாற்றிய மென்பொருளையும் அதனோடு சேர்த்தார்கள். ஆண்டுக்கணக்கில் இவற்றை இயங்க வைப்பதில் பெரும் தொல்லை தந்தது, மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் சாதனங்கள் பழுதானது என்று அக்குழு எழுதியது. நம் பள்ளிகளும் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி இது.

இன்னும் ஒரு சான்று: 2007இல் வெனிசுவேலா நாட்டில் எர்மானோ பியெட்ரோசெமோலி தலைமையிலான குழு இரண்டு மலையுச்சிகளுக்கு இடையே 382 கிலோமீட்டர் வைஃபை இணைப்பை நிறுவிக் காட்டியது. அத்தொலைவின் பாதை இழப்பை மேல்நிலை மாணவர் கணக்கிட்டால் ஏறத்தாழ 152 டெசிபல் வரும். உயரமும் தடையில்லாப் பார்வையும் பெரிய ஆன்டெனாவும் சேர்ந்து அதைச் சாதித்தன.

கணக்குக்கு வெளியே: சாரல், தென்னை, குளம்

தாளில் சரியாக வரும் கணக்கு மாடியில் தவறுவதற்கு நம் ஊரிலேயே காரணங்கள் இருக்கின்றன.

குற்றாலச் சாரல் தொடங்கினால் இணைப்பு மந்தமாகிறது என்றால், மழைத்துளி அலையைத் தடுக்கிறது என்று மாணவர் நினைப்பர். 2.4 கிகாஹெர்ட்ஸில் துளிகளால் ஆகும் இழப்பு மிகச் சிறிது. இணைப்பிக்குள் நீர் புகுவதே பெரும் இழப்பைத் தரும். நீர் புகாத நாடாவை இறுகச் சுற்றுவதும், கம்பியை இணைப்பிக்குக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு நீர் அங்கே சொட்டச் செய்வதும் இதற்குத் தீர்வு.

ஈரத் தென்னோலை அலையை நன்றாகவே தடுக்கும். இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது. நேர்கோட்டைச் சுற்றி, நடுவில் தடித்து முனைகளில் குறுகிய வெளி ஒன்று திறந்திருக்க வேண்டும். 2 கிலோமீட்டருக்கு அதன் நடு ஆரம் ஏறத்தாழ 8 மீட்டர். அதில் குறைந்தது 60 விழுக்காடு, 5 மீட்டர் அளவு, தடையின்றி இருப்பது நல்லது. ஒரு மாடிக் கட்டடத்தில், கூரைக்கு மேல் 5 மீட்டர் என்ற வரம்புக்குள் நின்றுகொண்டு வளர்ந்த தென்னந்தோப்பைத் தாண்ட முடியாது. திசையைத்தான் மாற்ற வேண்டும்.

குளத்தின் மேலாகப் போகும் பாதையில் மரமில்லை. ஆனால் நீர்ப்பரப்பு கண்ணாடிபோல் அலையைப் பிரதிபலிக்கும். நேரே வருவதும் நீரில் பட்டு வருவதும் கட்டம் மாறிச் சேர்ந்தால் ஒன்றையொன்று குறைக்கும். குளம் நிறைந்திருக்கும்போது ஒருவிதமாகவும் வற்றியிருக்கும்போது வேறுவிதமாகவும் சமிக்ஞை இருக்கலாம். ஆன்டெனாவின் உயரத்தைச் சிறிது மாற்றினால் இது சரியாகும். குறுக்கீட்டு விளைவைப் பாடத்தில் படிக்கும் மாணவருக்கு இது நேரில் காணும் சான்று.

கணவாய் வழியே வீசும் ஆடிக் காற்றும் உண்டு. 24 டி.பி.ஐ. ஆன்டெனாவின் அலைக்கற்றை ஏறத்தாழ 8 பாகை அகலமே. கம்பம் சில பாகை திரும்பினாலே ஈட்டம் பாழாகும். ஈட்டம் கூடக்கூடக் கற்றை குறுகும் என்பதைக் கைவிளக்கின் பிரதிபலிப்பானைக் கழற்றியும் மாட்டியும் காட்டலாம்.

மாணவர் இடறும் இடங்கள்

0 டி.பி.எம். என்றால் திறன் இல்லை என்று எழுதுவார்கள். அது 1 மில்லிவாட். 0 பாகை வெப்பநிலை என்றால் வெப்பமே இல்லை என்றாகாது அல்லவா?

−58 டி.பி.எம். குறைத் திறன் என்பார்கள். திறன் குறை எண்ணாகாது. அது ஒரு மில்லிவாட்டைவிட மிகச் சிறிய மிகை அளவு. அறிவியல் குறியீட்டில் எழுதச் சொன்னால் தெளிவாகும்: −60 டி.பி.எம். என்பது 10இன் −6ஆம் அடுக்கு மில்லிவாட்.

20 டி.பி.எம். அனுப்பிகள் இரண்டு சேர்ந்தால் 40 என்பார்கள். 100 + 100 = 200 மில்லிவாட், ஆகவே 23. டி.பி.எம்.முடன் டெசிபலைக் கூட்டலாம். டி.பி.எம்.முடன் டி.பி.எம்.மைக் கூட்டக் கூடாது. மலையில் ஓரிடத்தின் உயரத்தோடு ஏறிய உயரத்தைக் கூட்டினால் பொருளுண்டு. இரண்டு ஊர்களின் உயரங்களைக் கூட்டினால் பொருளில்லை.

செயல்பாடு

இரண்டு செல்பேசிகளும் ஓர் அளவுநாடாவும் போதும். ஆசிரியரின் ஒரு செல்பேசியில் ஹாட்ஸ்பாட்டை இயக்கி, திடலின் ஓரத்தில் நாற்காலி மேல் வையுங்கள். சமிக்ஞை அளவை டி.பி.எம்.மில் காட்டும் செயலியை மற்றொன்றில் நிறுவி, 5, 10, 20, 40 மீட்டர் தொலைவுகளில் ஐந்தைந்து அளவீடுகள் எடுத்துச் சராசரி காணச் செய்யுங்கள். தொலைவு இரட்டிக்கும்போது 6 குறைகிறதா? சரியாக வராது. தரையும் சுவரும் அலையைத் திருப்புவதால் 4 வரலாம், 8 வரலாம். வித்தியாசத்துக்குக் காரணம் எழுதச் சொல்வதே இச்செயல்பாட்டின் பயன். பிறகு ஒரு மாணவர் குறுக்கே நிற்கட்டும், ஈரத்துணியைத் தொங்கவிடட்டும். இழப்பை டெசிபலில் குறிக்கட்டும்.

மாணவரை மாடி விளிம்புக்கோ கம்பத்துக்கோ ஏற்ற வேண்டாம். ஆன்டெனா பொருத்துவது பயிற்சி பெற்றவரின் வேலை. கம்பத்துக்கு இடிதாங்கியும் நிலத்தொடர்பும் உண்டா என்பதை ஐப்பசி மழைக்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

மதிப்பீடு

1. அனுப்பி 17 டி.பி.எம்., கம்பி இழப்பு 4, ஆன்டெனா 12 டி.பி.ஐ. வெளியேறும் திறன் என்ன?
2. ஆன்டெனா 19 டி.பி.ஐ., இழப்பு 2. விதிக்குள் இருக்க அனுப்பியின் திறன் அதிகபட்சம் எவ்வளவு?
3. 5 மீட்டர் கம்பி 3 டெசிபல் இழக்கிறது. 20 மீட்டரில் எத்தனை பங்கு மிஞ்சும்?
4. வெட்டவெளியில் 1 கிலோமீட்டரில் −60 டி.பி.எம். கிடைக்கிறது. 4 கிலோமீட்டரில்? 500 மீட்டரில்?

விடைகள்: (1) 25 டி.பி.எம்., ஏறத்தாழ 310 மில்லிவாட். (2) 19 டி.பி.எம்., 80 மில்லிவாட். (3) இழப்பு 12, பதினாறில் ஒரு பங்கு. (4) −72, −54 டி.பி.எம்.

பள்ளிக்கு வைஃபை சாதனம் வாங்கும் பேச்சு வரும்போது விற்பவரிடம் மூன்று எண்களைக் கேளுங்கள்: அனுப்பியின் டி.பி.எம்., கம்பி மீட்டருக்கு இழக்கும் டெசிபல், ஆன்டெனாவின் டி.பி.ஐ. அவற்றைக் கரும்பலகையில் எழுதி, ஏழாம் வகுப்பு மாணவரைக் கூட்டச் சொல்லுங்கள். நடப்பு விதியின் வரம்பைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடச் சொல்லுங்கள். எந்தப் பெட்டியை வாங்குவது, எந்தக் கம்பியை மாற்றுவது என்பதை அந்தக் கூட்டுத்தொகை காட்டிவிடும்.